ஆழிக்குமரன் ஆனந்தனும் நிலை நீச்சலும்

நாம் வாழும் பகுதி கடற்கரைப் பகுதியன்று. அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ கடலைக் காண விரும்புவோர் மின்தொடர் வண்டியேறிச் சென்ட்ரலுக்குப் போய், அங்கிருந்து பேருந்து பிடித்து மெரினாவை அடைய வேண்டும். பூந்தமல்லிக்காரர்கள் நேரே பேருந்திலேயே போய்விடுவார்கள். எனினும் நீருக்கு இங்கே குறைவில்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, இவற்றுக்கெல்லாம் பெரியண்ணனாகிய செம்பரம்பாக்கம் ஏரி என்று நம்மைச் சுற்றிலும் நீர்நிலைகளே. இத்தனை நீருக்கு நடுவே வாழும் நம் வகுப்புத் தோழர்களுள் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று ஒருநாள் உணவு இடைவேளையில் கேட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டுப் பேரில் கை தூக்கியவர் ஏழு பேர். அந்த எழுவரில் இருவர் சற்றுத் தயங்கியே தூக்கினர்.

நீந்துவதையே வாழ்வாகக் கொண்டு, நீரிலேயே உயிர் நீத்த ஒரு தமிழரைப் பற்றி எழுதலாம் என்ற எண்ணம் அன்றுதான் உண்டாயிற்று. விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் என்பது அவர் முழுப் பெயர். உலகம் அறிந்தது குமார் ஆனந்தன் என்று. தமிழ் மக்கள் வழங்கிய பெயரோ ஆழிக்குமரன் ஆனந்தன். 'ஆழி' என்றால் கடல்; கடலின் மகன் என்று அன்போடு அழைத்தார்கள். ஓர் ஊரார் ஒருவருக்குத் தாமாகவே இட்டு வழங்கும் பெயர், பல்கலைக்கழகப் பட்டத்தினும் நெடுநாள் நிற்கும்.

அவர் பிறந்த மண் யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறை. பிறந்த ஆண்டு 1943. அந்த ஊரைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்மரக் கப்பல், ஓர் அமெரிக்கரால் விலைக்கு வாங்கப்பட்டு, அவ்வூர் மாலுமிகளாலேயே செலுத்தப்பட்டு, 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகம் சென்று சேர்ந்தது. இயந்திரக் கப்பல்கள் உலகக் கடல்களை ஆண்ட காலத்தில், வேப்ப மரமும் பாயும் கயிறும் தெரிந்த கைகள் கட்டிய கலம் அட்லாண்டிக்கைக் கடந்தது! அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளைக்குக் கடல் என்பது தெருக்கோடி போன்றது. நமக்கு இரயில் நிலையம் எப்படியோ அப்படி.

அந்தத் தெருக்கோடிக்கு எதிர்ப்புறத்தில் இருப்பது நம் நாடு. இடையே கிடப்பது பாக் நீரிணை. ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் வண்டியேறியவர் தனுஷ்கோடி வரை இரயிலில் சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் இரயிலேறிக் கொழும்பு போய்ச் சேரலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தப் பாதை அறுந்தது. கப்பல் போன வழியில் மனிதன் கையை வீசிப் போக முடியுமா என்ற கேள்வி அதற்கு முன்பே எழுந்து, அதற்கு விடையும் கிடைத்துவிட்டிருந்தது. வல்வெட்டித்துறைக்கு அண்மையிலுள்ள தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடிக்கரையில் ஏறினார். எடுத்துக்கொண்ட நேரம் 27 மணி. பின்னர் 1966 ஏப்ரலில் வங்காளத்து மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தி வந்தார். அவர் கரையேறியபோது தனுஷ்கோடி ஊராக இல்லை. இடிந்த சுவர்களாக இருந்தது.

இருவரும் போனது ஒரு வழிப் பயணம். ஆனந்தன் 1971 இல் இலங்கைக் கரையில் இறங்கி, இந்தியக் கரையைத் தொட்டு, திரும்பவும் இலங்கைக்கே நீந்திப் போனார். இரு வழிக்கும் சேர்த்து 51 மணி நேரம். இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும் மூன்று மணி. அவருக்கு முன் இதனைச் செய்தவர் எவருமில்லை. கரையைத் தொட்ட பிறகு திரும்பிக் கடலை நோக்குகிற அந்தக் கணத்தைத்தான் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. ஒரு கரையை அடைவது ஆசையால் முடியும். அடைந்த கரையை விட்டு மறுபடியும் இறங்குவதற்கு வேறேதோ வேண்டும்.

இந்த நீந்தல்களில் ஒரு பொது அம்சம் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலேதான் பெரும்பாலும் பாக் நீரிணையில் இறங்குகிறார்கள். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று எழாத இடைவெளி அது. கடல் சற்றே அடங்கியிருக்கும். நீரின் வெப்பம் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

1971 க்குப் பிறகு ஆனந்தன் உலகச் சாதனைகளின் பக்கம் திரும்பினார். கின்னஸ் சாதனை நூலில் அவர் பெயர் பன்முறை ஏறியது. 1979 மே 2 முதல் 10 வரை கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணி 28 நிமிடம் மிதிவண்டி ஓட்டினார். அதாவது ஏழு நாள்களுக்கு மேல்! 1980 இல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். (இதனை 1982 ஏப்ரலில் முறியடித்தவர் நம் சத்தியமங்கலத்து இரவி என்பவர், அவர் நின்றது 34 மணி நேரம். ஒரு மணி நேரத்திற்காக இரண்டு தமிழர்கள் ஆளுக்கொரு காலில் போட்டியிட்டதை எண்ணினால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.) இடைவிடாத நடனம் போன்றவையும் அவர் பட்டியலில் உண்டு.

இவையெல்லாம் வெறும் வேடிக்கை என்று சொல்வோர் இருக்கிறார்கள். நானும் மிதிவண்டியையும் கடலையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பூங்காவைச் சுற்றுபவன் களைத்தால் இறங்கி உட்காரலாம். நடுக்கடலில் உட்கார இடமில்லை. ஆனாலும் உறக்கத்தையும் வலியையும் சலிப்பையும் நாள்கணக்கில் தள்ளி நிறுத்தும் பயிற்சி என்று பார்த்தால், எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துப் பாடங்களே.

அவற்றுள் ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. 1981 மே 13 முதல் 16 வரை மெரினாவை ஒட்டிய அண்ணா நீச்சல் குளத்தில் அவர் 80 மணி நேரம் நிலை நீச்சல் அடித்தார். நிலை நீச்சல் என்பது இருந்த இடத்திலேயே, நின்ற நிலையில், தலையை நீருக்கு மேலே வைத்துக் காலால் நீரை மிதித்துக்கொண்டிருப்பது. எட்டடிச் சதுரத்துக்குள், எல்லைக் கயிற்றைத் தொடாமல் செய்ய வேண்டும் என்பது விதி. அப்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்த என் பெரிய மாமா, அந்த வாரம் முழுதும் பட்டறை வாசல் டீக்கடையில் இதே பேச்சாக இருந்தது என்பார். "தண்ணியில நின்னுக்கிட்டே தூங்கிடுவான்யா" என்று ஒரு கட்சி; "தூங்கினா முழுகிடுவானே, அப்புறம் எப்படி எண்பது மணி?" என்று எதிர்க்கட்சி. பத்திரிகை வந்த பிறகும் வழக்குத் தீரவில்லையாம்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதற்கு ஒரு சிறு கணக்குப் போடலாம். கணக்கு ஒவ்வாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்க. 60 கிலோ எடையுள்ள ஒருவர், நுரையீரலில் ஓரளவு காற்றோடு இருக்கும்போது, அவர் உடலின் அடர்த்தி நன்னீரின் அடர்த்தியைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு குறைவு. ஆகவே ஆர்க்கிமிடீசு தத்துவப்படி 1.2 கிலோ அளவே அவர் 'இலவசமாக' நீருக்கு மேல் இருக்கலாம். தலையின் எடையோ நாலரை முதல் ஐந்து கிலோ. தலை முழுதும் வெளியே இருக்க வேண்டுமானால் மீதி மூன்றரை கிலோவைக் கால்கள் சுமந்தாக வேண்டும். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு அடர்த்தி மிகுந்தது. அங்கே இன்னும் ஒன்றரை கிலோ தள்ளுபடி கிடைத்து, சுமை இரண்டு கிலோவாகக் குறையும். மூன்றரை கிலோ அரிசிப் பையைத் தூக்குவது பெரிதா என்று கேட்கலாம். தூக்கிப் பாருங்கள், மூன்று நாளும் எட்டு மணி நேரமும் கீழே வைக்காதீர்கள். தேர்ந்தவர்கள் நெற்றியைச் சாய்த்து, மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரியும்படி தலையை நீரிலேயே இளைப்பாற விட்டுவிடுவார்கள். சுமை அப்போது பாதியாகும். நிலை நீச்சலின் நுட்பமே எவ்வளவு பலமாக மிதிப்பது என்பதில் இல்லை. எவ்வளவு குறைவாக மிதித்துத் தப்பலாம் என்பதில் இருக்கிறது.

இத்தனை செய்தவருக்கு எஞ்சியிருந்த பெருங்கனவு ஆங்கிலக் கால்வாய். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தக் கடலை 1875 ஆகஸ்டில் மாத்தியூ வெப் என்னும் கப்பல் தலைவர் 21 மணி 45 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, மார்பு நீச்சலிலேயே கடந்தார். வழியில் சொறிமுட்டை கொட்டியது. நம் துணைக்கண்டத்திலிருந்து முதன்முதல் வென்றவர் அந்நாளைய கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த பிரஜன் தாஸ், 1958 ஆகஸ்டில். அடுத்த மாதமே மிகிர் சென் வென்று முதல் இந்தியரானார். 1959 இல் ஆரதி சாகா வென்று ஆசியப் பெண்களில் முதல்வரானார். ஆகவே அந்தப் பாதை நம்மவர்க்கு மூடிய பாதையன்று.

தொலைவை மட்டும் பார்த்தால் தலைமன்னார்–தனுஷ்கோடியும் ஆங்கிலக் கால்வாயும் ஏறத்தாழ ஒத்தவையே. 51 மணி நேரம் நீந்தியவருக்கு அதில் பாதிக்கும் குறைந்த நேரம் எம்மாத்திரம் என்று தோன்றும். இங்கேதான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன எண் வருகிறது. பாக் நீரிணை 28 பாகை. ஆங்கிலக் கால்வாய் கோடையின் உச்சத்திலும் 15 முதல் 18 பாகை. நம் மார்கழி அதிகாலையில் கூடக் கிணற்று நீர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. நம் உடலோ 37 பாகையில் இயங்குவது. நீரின் வெப்பக் கடத்துதிறன் காற்றைப்போல் 25 மடங்கு. அதன் வெப்ப ஏற்புத்திறனோ, ஒரே கன அளவுக்கு ஒப்பிட்டால், காற்றைப்போல் 3000 மடங்குக்கும் மேல். 17 பாகைக் காற்றில் சட்டையில்லாமல் நின்றால் நடுங்குவோம், அவ்வளவே. 17 பாகை நீரில் உடல் தன் வெப்பத்தை வாரி இறைத்துக்கொண்டே இருக்கும். நீந்தும் வரை தசைகள் வெப்பத்தை ஆக்கித் தரும். களைத்துக் கைவீச்சு குறைந்தால் வரவு குறையும், செலவு குறையாது.

உடலின் உட்புற வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. முதலில் கடும் நடுக்கம். பின்னர் விரல்கள் விறைத்து ஒன்றைவிட்டொன்று விலகி நிற்கும். நீரைப் பிடிக்கும் ஆற்றல் போய்விடும். பேச்சு குழறும். அதன் பிறகு நிகழ்வதுதான் என்னைத் திகைக்க வைத்தது: நினைவு மங்கத் தொடங்கும், ஆனால் மங்குவது நீந்துபவருக்கே தெரியாது. நடுக்கம் நின்றுவிட, 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று அவரே சொல்வார். அதனால்தான் துணைப் படகில் இருப்பவர்கள் நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணிக்கொண்டே வருகிறார்கள். எழுபது அறுபதாகி, அறுபது ஐம்பதானால் பெயரைக் கேட்பார்கள், வீட்டு முகவரியைக் கேட்பார்கள். விடை தடுமாறினால் மேலே ஏற்றிவிட வேண்டும். படகைத் தொட்டால் முயற்சி செல்லாது என்பது விதி. உணவைக்கூடக் கோலில் கட்டித்தான் நீட்டுவார்கள். ஆகவே ஏற்றுவதா வேண்டாமா என்ற தீர்ப்பு படகில் இருப்பவர் தலையில் விழுகிறது. நீரில் இருப்பவர் ஒருநாளும் 'ஏற்றுங்கள்' என்று சொல்லமாட்டார். சொல்லும் மனிதராயிருந்தால் அங்கே இறங்கியே இருக்கமாட்டார்.

'உறுதியிருந்தால் எதையும் வெல்லலாம்' என்று நம் மேடைகளில் பேசுகிறோம். இம்மலரிலேயே இன்னும் இரண்டொரு கட்டுரைகள் அப்படிப் பேசக்கூடும். வலியை உறுதியால் வெல்லலாம். உறக்கத்தையும் எண்பது மணி நேரம் வெல்லலாம். ஆனந்தன் வென்று காட்டினார். வலியும் உறக்கமும் வெளியே நின்று கதவைத் தட்டுபவை. குளிர் அப்படியன்று. அது உறுதி குடியிருக்கும் மூளைக்குள்ளேயே புகுந்து விளக்கை அணைப்பது.

இதோடு நீரோட்டமும் சேர்கிறது. பாக் நீரிணையில் ஓதத்தின் ஏற்றவற்றம் சிறிது. ஆங்கிலக் கால்வாயிலோ சுமார் ஆறு மணிக்கொருமுறை பெருக்கும் வற்றும் மாறிமாறி நீந்துபவரைப் பக்கவாட்டில் மைல்கணக்காக இழுக்கும். வரைபடத்தில் அவர்கள் போன பாதை நேர்கோடாக இராது. பாம்பு ஊர்ந்தது போலிருக்கும். அதனால் முழுநிலவு, மறைநிலவு நாள்களை ஒதுக்கி, அட்டமி நவமியை அடுத்த நாள்களை விரும்பித் தேர்கிறார்கள். இழுப்பு குறைந்த நாள்கள் அவை. நல்ல காரியத்துக்கு நாம் அட்டமி நவமியை ஒதுக்குகிறோம். அவர்களோ அதைத் தேடிப் பிடிக்கிறார்கள்!

1984 ஆகஸ்ட் 6 ஆம் நாள், ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41. கொழும்பில் தமிழர்களைச் சூறையாடிய 1983 ஜூலைக் கலவரம் நடந்து ஓராண்டே ஆகியிருந்த நேரம். இலங்கையின் பெயரை உலகச் சாதனை நூலில் பன்முறை பொறித்த ஒரு தமிழர், அந்த நாடு தன் தமிழ் மக்களோடு பிணங்கி நின்ற வேளையில், இரண்டுக்கும் அப்பாற்பட்ட ஒரு கடலில் முடிந்துபோனார். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வயதில்லை. வரலாற்றுத் துறை ஆசிரியர்கள் எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் வென்ற மாத்தியூ வெப்பும் படுக்கையில் இறந்தவரல்லர். 1883 ஜூலையில் நயாகரா அருவிக்குக் கீழே சுழித்தோடும் நீரை நீந்திக் கடக்க முயன்று மாண்டார். அவரை மூடர் என்றும் மாவீரர் என்றும் இரு விதமாகவும் சொல்லலாம். ஆனந்தனை அப்படி எந்த ஒற்றைச் சொல்லிலும் அடக்க எனக்கு மனமில்லை. அவர் தெரியாத கடலில் குதித்தவரல்லர். நெடுங்காலப் பயிற்சியோடு போனவர்.

அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1994 இல், நம் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையைக் கடந்தான். அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு கடல் நீந்தல்களை முடித்து, ஓராண்டில் ஐந்து என்ற மிகிர் சென்னின் 1966 ஆம் ஆண்டுச் சாதனையைத் தாண்டினான்.

இனி நம் ஏரிகளுக்கு வருவோம். கோடை விடுமுறை வந்தால் இப்பக்கத்தில் ஏதாவது ஓர் ஏரியிலோ கல்குவாரிக் குட்டையிலோ பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராமல் போவதில்லை. சென்ற கோடையில் எங்கள் அடுத்த தெருவில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்த ஒருவன் அப்படிப் போனான். தேர்வு முடிவு அவன் போன பிறகு வந்தது, தேறியிருந்தான். ஏரி என்றால் கரையிலிருந்து மெல்ல மெல்ல ஆழம் கூடும் என்று எண்ணுகிறோம். சவுடு மண் அள்ளிய ஏரியில் அப்படியில்லை. முழங்கால் நீரில் நடப்பவன் அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்தில் இருப்பான்; அடியில் சேறு. கரை பத்தடித் தொலைவில்தான் இருக்கும். அந்தப் பத்தடியைக் கடக்கப் பெரிய நீச்சல் தேவையில்லை. பதற்றமில்லாமல் ஐந்து நிமிடம் தலையை மேலே வைத்திருக்கத் தெரிந்தால், அதற்குள் யாராவது ஒருவர் கயிறோ வேட்டியோ வீசிவிடுவார்.

முன்பெல்லாம் இதற்குக் கிணறுகள் இருந்தன. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிடுவார்கள்; இரண்டு வாரத்தில் குடுக்கை தானாகவே கழன்றுவிடும். அந்தக் கிணறுகள் பல தூர்ந்துபோய் மனைகளாகிவிட்டன. நம் கல்லூரி உடற்கல்வித் துறை ஆண்டுதோறும் ஓட்டத்துக்கும் கைப்பந்துக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை நிலை நீச்சலுக்குக் காட்டினால் போதும். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரையும், மாணவியர் உட்பட, பத்து நாள் ஏதேனும் ஒரு நீச்சல் குளத்துக்கு அழைத்துச் செல்லலாம். போட்டி வேண்டாம், பரிசுக் கோப்பை வேண்டாம். முதல்வர் அவர்களும் பேரவைத் தலைவரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

எனக்குக் கற்றுத் தந்தவர் அதே பெரிய மாமாதான். திருமழிசைப் பக்கம் மிச்சமிருந்த ஒரு பாசனக் கிணற்றில், ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில். கீழே குதித்தவுடன் நான் மேலே படியைப் பார்த்துக் கையை உதறுவேன். "மாப்ள, கையை உசத்தாத, உசத்தினா முழுகுவ. தலையச் சாச்சு வச்சுக்க. கீழ சைக்கிள் மிதிக்கிற மாதிரி மெதுவா மிதி. அவசரம் என்ன, ரயிலா போகுது?" என்பார். படிக்கட்டில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் ஞாயிறு ஒன்றரை நிமிடம். நாலாம் ஞாயிறு பதினொரு நிமிடம். மேலே ஏறி மூச்சு வாங்கியபோது துண்டை என்மேல் எறிந்துவிட்டு, "எண்பது மணிக்கு இன்னும் எவ்வளவு பாக்கின்னு கணக்குப் போடு" என்றார். எழுபத்தொன்பது மணி நாற்பத்தொன்பது நிமிடம்.